அத்தியாயம் 6: பதினெட்டு முடிந்ததும் ஒரு கூரை – மகஜரிலிருந்து கொள்கை மாற்றம் வரை

மட்டக்களப்பில் வீடற்ற இளைஞர்களைத் தேடி பஸ் நிலையத்துக்கோ காந்தி பூங்காவுக்கோ போகாதீர்கள். அங்கே அவர்களைக் காண்பது அரிது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையின் மேல்தட்டில் மூட்டைகளுக்கு நடுவே படுத்திருப்பார்கள். பாசிக்குடாவில் ஹோட்டல் ஊழியர் அறையிலும், வாழைச்சேனைக் கரையோர வாடியிலும், பெரியம்மா வீட்டு விறாந்தையிலும் இருப்பார்கள். வேலை போனால் அன்றிரவே படுக்கையும் போய்விடும். பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தால் விறாந்தையும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் 'வீடற்றோர்' என்று இல்லாததால், இவர்களுக்காகப் பேசப் போகும் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: "எங்கட பிரதேசத்தில அப்பிடி ஆரும் இல்லையே."

இந்த அத்தியாயம் அவர்களில் ஒரு பிரிவினரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சிறுவர் இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு வயது நிறைந்ததும் வெளியேறுகிறவர்கள். 1978 சூறாவளி, நீண்ட யுத்தம், 2004 சுனாமி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அழிவுகளுக்குள்தான் இந்த மாவட்டத்தில் இல்லங்கள் பெருகின. அங்கே இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் அல்லர். வறுமையால் விடப்பட்டவர்களும், தாய் வெளிநாட்டுக்குப் போனதால் வந்தவர்களும் உண்டு. இவர்களிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. இவர்களின் பெயரும் கோப்பும் வெளியேறப்போகும் திகதியும் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கின்றன. 'தெரியாது' என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில் கேள்வியைத் தொடங்குவதுதான் புத்தி.

எந்த மேசை, எந்த அதிகாரம்

இந்த வேலையில் அலைச்சல் அதிகமாவது இங்கேதான். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட அலுவலகங்கள் பல. தவறான மேசையில் கொடுத்த கடிதம் மூன்று மாதம் கழித்து 'உரிய நடவடிக்கைக்காக' என்று இன்னொரு மேசைக்கு அனுப்பப்படும். எனவே முதலில் இதை மனதில் பதியுங்கள்.

மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம்: அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் கீழ் இந்த விடயம் மாகாணத்துக்குரியது. இல்லங்களைப் பதிவதும் மேற்பார்வை செய்வதும், நன்னடத்தை உத்தியோகத்தர்களை வைத்திருப்பதும் இவர்கள்தான். தலைமை திருகோணமலையில் உள்ளது. உங்கள் கோரிக்கைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் போகவேண்டும்.

இதே பெயரில் கொழும்புப் பக்கம் இருக்கும் தேசிய திணைக்களம்: நாடு தழுவிய கொள்கையை வகுப்பது இது. பிரதேச செயலகங்களிலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இதன் ஆட்கள். 2019இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்புக் கொள்கை இவர்களுடையது. 'இதைத்தான் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்' என்று காட்டக் கையிலிருக்கவேண்டிய ஆவணம் அது.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை: 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரின் பாதுகாப்பு இதன் வேலை. பலர் முதலில் ஓடுவது இங்கே. பதினெட்டு தாண்டியவரின் குடியிருப்புப் பிரச்சினையை இங்கே கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். அது அவர்களின் தவறல்ல.

பிரதேச செயலகம்: கிராம உத்தியோகத்தர், வதிவிடச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், அஸ்வெசும எல்லாம் இங்கே. மாவட்டத்தில் இப்படி 14 உண்டு.

மாநகர, நகர, பிரதேச சபைகள்: நன்னடத்தை விடயத்தில் அதிகாரம் இல்லை. ஆனால் கட்டடம் உண்டு, சொந்தப் பாதீடு உண்டு, 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர்களும் உண்டு.

மாகாண சபை என்று ஒன்று இப்போது கூடுவதில்லை என்பதை மறக்கவேண்டாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கையில்தான் நிர்வாகம். ஆகவே 'மாகாண அமைச்சருக்கு' என்று மகஜர் எழுதினால் அதை வாங்க ஆளில்லை. ஆளுநர், பிரதம செயலாளர், துறைச் செயலாளர், ஆணையாளர் என்று எழுதுங்கள்.

படி 1: ஒரே ஒரு கோரிக்கை

மகஜர்களில் நான் அதிகம் காணும் குறை, பன்னிரண்டு கோரிக்கைகளை ஒரே தாளில் அடுக்குவது. வாசிக்கிற அதிகாரி அதில் எளிதான ஒன்றைத் தெரிவுசெய்து, 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி மூடிவிடுவார்.

கேட்கக்கூடாத விதம்: "வீடற்ற இளைஞர் அனைவருக்கும் வீடு வழங்கு."

கேட்கவேண்டிய விதம்: "மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒவ்வொரு சிறுவர் இல்லத்திலும் 16 வயது நிறைந்த ஒவ்வொருவரின் கோப்பிலும் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வெளியேறிய பின் தங்குமிடத் திட்டம் ஆகிய நான்கும் உள்ளனவா என ஆண்டுதோறும் சரிபார்த்து, மாவட்ட சிறுவர் அபிவிருத்திக் குழுவுக்கு அறிக்கையிடுமாறு மாகாண ஆணையாளர் சுற்றறிக்கை வெளியிட வேண்டும்."

யார், எதை, எங்கே என்று மூன்றும் இதில் இருக்கின்றன. பணம் கேட்கவில்லை என்பதால் 'நிதி இல்லை' என்ற கதவும் மூடப்படுகிறது. மற்றக் கோரிக்கைகளை, குறிப்பாகப் பணம் தேவைப்படுபவற்றை, இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள். அவற்றில் கேட்கத்தக்கவை இவை:

1. இல்லத்தை விட்டு வெளியேறியவர், நிலையான இடம் கிடைக்கும்வரை இரண்டு வருடங்களுக்கு இல்லத்தின் விலாசத்தையே தன் வதிவிடமாகக் காட்ட அனுமதி. (பிரதேச செயலாளர்கள், அரசாங்க அதிபர்.)

2. 21 வயதுவரை நன்னடத்தை உத்தியோகத்தரின் தொடர் கண்காணிப்பு. (மாகாணத் திணைக்களம்.)

3. நகரத்தில் வேலை செய்யும், தொழிற்பயிற்சி பெறும் இளைஞருக்குக் குறைந்த வாடகையில் படுக்கைகள். பாவனையில்லாத பொதுக் கட்டடம் ஒன்றையாவது குறிப்பிட்டுக் கேளுங்கள். (சபைகள்.)

4. காணிக் கச்சேரியிலும் வீட்டுத் திட்டங்களிலும், திருமணமாகாத ஆனால் குடும்பம் இல்லாத இளைஞரையும் தகுதியானவராக ஏற்பது. (காணி, வீடமைப்பு அதிகாரிகள்.)

முதலாவதைச் சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். ஒரு பெடியன் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கோ வேலைக்கோ விண்ணப்பம் நிரப்புகிறான் என்று வையுங்கள். 'நிரந்தர விலாசம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நிற்கும். வாடகை அறையின் விலாசத்தை எழுதினால் வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார், வாக்காளர் இடாப்பில் பெயர் ஏறிவிடுமோ என்று பயம். கிராம உத்தியோகத்தரோ, "எந்த வீட்டு இலக்கம் தம்பி? இடாப்பில இல்லையே, நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?" என்பார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு சுற்றறிக்கை இருந்தால் அந்தப் பேனை நகரும்.

குறிப்பு: எங்கள் ஊர் வாதம்

ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களை இணைப்பாக வையுங்கள், நல்லது. ஆனால் சபை உறுப்பினர் ஒருவரின் மனதை அசைப்பது வேறு. இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கு. தாய் இருந்த வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்குக் கொடுக்கத் தாய்வீடு இல்லை. அவளுக்குக் கல்யாணம் பேசுகிற இடமெல்லாம் முதல் கேள்வி வீடுதான். இல்லத்தில் வளர்ந்த ஆணுக்கோ, கல்யாணம் வரைக்கும் தங்கியிருக்க ஒரு தாயின் வீடு இல்லை. இதை இப்படியே சொல்லுங்கள். எல்லாருக்கும் விளங்கும்.

அயல் உதாரணம் கேட்டால் இந்தியாவைக் காட்டலாம். அங்கே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுவோருக்குப் பின்பராமரிப்பு நிதியுதவியைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 இந்திய ரூபா. நம் நாட்டில் 2025 பாதீடு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவை முன்மொழிந்தது. இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு வீட்டுதவி பற்றிய அறிவிப்பும் அதைத் தொடர்ந்து வந்தது. அறிவிப்பு வேறு, மண்டூரில் இருக்கும் ஒருவர் கைக்கு வந்து சேர்வது வேறு. அந்த இடைவெளியை அளப்பது அடுத்த படி.

படி 2: எண்ணிக்கையை அவர்களிடமே கேளுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உங்கள் கையிலுள்ள மலிவான ஆயுதம். நிறுவனம், கடிதத் தலைப்பு, சட்டத்தரணி எதுவும் தேவையில்லை. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, திணைக்களத்தின் 'தகவல் அலுவலருக்கு' என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேள்விகள் இப்படி இருக்கட்டும்:

1. 2020 முதல் இன்றுவரை, மட்டக்களப்பு மாவட்டத்தின் பதிவுபெற்ற சிறுவர் இல்லங்களிலிருந்து 18 வயது நிறைந்து வெளியேறியோர் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக, ஆண் பெண் என வேறாக.

2. வெளியேறும்போது தேசிய அடையாள அட்டை வைத்திருந்தோர் எத்தனை பேர்?

3. வெளியேறி ஒரு வருடத்துக்குள் நன்னடத்தை உத்தியோகத்தர் நேரில் பார்வையிட்டோர் எத்தனை பேர்?

4. பின்பராமரிப்புக்கென ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை.

5. வீட்டுதவிக்கு இம்மாவட்டத்திலிருந்து விண்ணப்பித்தோர், அதைப் பெற்றுக்கொண்டோர் எண்ணிக்கை. தகுதி நிபந்தனைகள் அடங்கிய சுற்றறிக்கையின் பிரதி.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். தர முடிவெடுத்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் வரவேண்டும். மறுத்தால் அல்லது பேசாமலிருந்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் மேலே தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள் போகலாம். ஒவ்வொரு திகதியையும் கலண்டரில் குறியுங்கள். பலர் தோற்பது தகவல் மறுக்கப்பட்டதால் அல்ல, மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிட்டதால்.

பெயர்ப்பட்டியல் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், மறுக்கவும் வேண்டும். 'அப்படியான தகவல் எம்மிடம் இல்லை' என்று பதில் வந்தால் சோர வேண்டாம். யாரும் எண்ணவில்லை என்பதற்கு அரசாங்கமே கையெழுத்திட்டுத் தந்த சாட்சி அது. மகஜரின் முதல் இணைப்பாக அதை வையுங்கள்.

படி 3: அவர்களோடு, அவர்கள் சார்பில்

இல்லத்தில் வளர்ந்தவர்கள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம். எந்தக் கோரிக்கை முதலாவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். நீங்கள் 'வீடு' என்பீர்கள், அவர்கள் 'அடையாள அட்டை' என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்கும். கூட்டத்தை நகரத்தில் காலை ஒன்பது மணிக்கு வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று குறைசொல்வதும் வழமை. மண்டூரிலிருந்து வருகிறவர் குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் கடந்து, பிறகு பஸ் பிடித்து வரவேண்டும், ஒரு நாள் சம்பளமும் போகும். ஞாயிறு பின்னேரம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒன்று, கிழக்கே எழுவான்கரையில் ஒன்று என்று இரண்டு கூட்டமாக வையுங்கள். பஸ் காசு கொடுங்கள்.

பாதுகாப்பு – இதை இரண்டு முறை வாசியுங்கள்

1. இல்லத்தில் இப்போது இருக்கும், பதினெட்டு நிறையாத பிள்ளைகளை மகஜரில் கையெழுத்திடவோ, கூட்டத்தில் பேசவோ, படத்தில் நிற்கவோ வைக்காதீர்கள். விதிவிலக்கு இல்லை.

2. வெளியேறியவர்களின் கதையை எழுதும்போது பெயரோடு இல்லத்தின் பெயர், ஊர், பெற்றோர் இறந்த விதம் ஆகியவற்றையும் மறையுங்கள். இது சிறிய மாவட்டம். 'சுனாமியில் தாயை இழந்த, இன்ன கிராமத்துப் பிள்ளை' என்றாலே ஊருக்குத் தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளுக்கு அது கல்யாணம் வரை துரத்தும்.

3. சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள்: எழுதுமுன் ஒருமுறை, எழுதியதை வாசித்துக் காட்டியபின் ஒருமுறை. இரண்டாம் முறை 'வேண்டாம்' என்றால் கிழித்துவிடுங்கள்.

4. பிள்ளை ஒன்று ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் அது கொள்கை வேலை அல்ல. உடனே 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பெண்கள் விடயத்தில் 1938. கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

5. தங்க இடமில்லாத இளைஞரை, குறிப்பாகப் பெண்ணை, நல்லெண்ணத்தில் உங்கள் வீட்டில் தனியாகத் தங்கவைக்காதீர்கள். அவருக்கும் உங்களுக்கும் கேடு.

6. உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சதமும் வாங்காதீர்கள். 'யாருடைய காசு?' என்ற ஒரு கேள்வி முழு முயற்சியையும் படுக்கவைக்கும்.

தெருவில் படுத்தவரைப் பொலிஸ் பிடித்துச் செல்ல இன்றைக்கும் கைகொடுப்பது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். உங்கள் இளைஞர் யாராவது அதில் மாட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்கு அன்றே அறிவியுங்கள்.

படி 4: கீழிருந்து மேலே

1. பிரதேச மட்டத்தில் தொடங்குங்கள். சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் முதலில் கண்டு கதையுங்கள். இவர்களைத் தாண்டி மேலே போனால் பிறகு இவர்களே தடையாவார்கள். பலருக்கு இந்தப் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உண்டு, கையில் சுற்றறிக்கைதான் இல்லை.

2. பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் உங்கள் விடயத்தைச் சேர்க்கும்படி பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். கூட்ட அறிக்கையில் ஒரு வரி பதியவைப்பதுதான் இலக்கு.

3. அந்த வரியோடு மாவட்டக் குழுவுக்குச் செல்லுங்கள். மாவட்ட செயலகம் பழைய கோட்டைக்குள் இல்லை, 2024 முதல் திராய்மடுவில். சுனாமியில் வீடிழந்தவர்களைக் குடியேற்றிய அதே திராய்மடு.

4. மாகாண ஆணையாளருக்கும் பிரதம செயலாளருக்கும் மகஜர். நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

5. மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 5 உறுப்பினர்கள். ஐந்து பேருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் விடயம் கட்சிக்குச் சொந்தமாகிவிடும், மற்ற நால்வரும் தொடமாட்டார்கள். கீழ்மட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால் ஓர் உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் குழுவுக்குப் போகலாம்.

தமிழில் எழுதும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு. ஆனாலும் கொழும்புக்கு அனுப்பும் பிரதியோடு சிங்கள மொழிபெயர்ப்பை இணைத்தால் ஒரு மாதம் மிச்சமாகும். உரிமையை விட்டுக்கொடுப்பது என்று இதை நினைக்கத் தேவையில்லை.

கையெழுத்துகளில் காத்தான்குடியும் ஏறாவூரும் ஓட்டமாவடியும் இருக்கட்டும். பள்ளிவாசல் சம்மேளனம், கோயில் பரிபாலன சபை, தேவாலயம் மூன்றின் கடிதமும் ஒரே கோப்பில் இருந்தால், 'இது ஒரு சமூகத்தின் விடயம்' என்று தள்ளமுடியாது.

சபைப் பாதீடு டிசம்பரில் நிறைவேறும். நவம்பரில் கேட்பவருக்கு 'அடுத்த வருடம் பார்ப்போம்' என்பதுதான் பதில். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள்.

படி 5: பத்து நிமிடச் சந்திப்பு

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். ஒருவர் கட்டாயம் இல்லத்தில் வளர்ந்தவர். கோரிக்கையை முதல் நிமிடத்தில் சொல்லுங்கள், பின்னணி பிறகு. 'இது எங்கட வேலை இல்ல' என்றால் வாக்குவாதம் வேண்டாம். "சரி சேர், அப்ப யாருடைய வேலை என்று ஒரு வரி எழுதித் தாங்கோ" என்று பணிவாகக் கேளுங்கள். எழுதித் தந்தால் அடுத்த மேசைக்கு அது அறிமுகக் கடிதம். தராவிட்டால் அவரே கோப்பை வைத்துக்கொள்வார். உலருணவுப் பொதி தருவதாகச் சொன்னால் நன்றி கூறி வாங்குங்கள், தேவைப்படுபவர் இருப்பார். ஆனால் பொதியைக் கையளிக்கும் படத்தோடு விடயம் முடிந்துவிடாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

தெருவில் இறங்கவேண்டி வந்தால்

கடைசியாக வையுங்கள். ஊர்வலம் என்றால் தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும், ஒலிபெருக்கிக்கு வேறாக அனுமதி. 2022 பொருளாதார நெருக்கடியில் மட்டக்களப்புப் பெண்கள் புனித செபஸ்தியார் தேவாலயத்திலிருந்து காந்தி பூங்கா வரை நாள்தோறும் நடந்த நீதிக்கான நடையைப் பாருங்கள். சிறிய கூட்டம், கையில் பதாகை, ஒரே பாதை, விடாத தொடர்ச்சி. ஒருநாள் பெரிய ஆர்ப்பாட்டத்தைவிட இப்படி நடப்பதையே நான் விரும்புவேன். இல்லத்தில் வளர்ந்தவர்களை முன்வரிசையில் நிறுத்தவேண்டாம். படம் எடுக்கப்படும், வேலை தரும் முதலாளியும் அதைப் பார்ப்பார்.

சுற்றறிக்கை வந்தபின்

வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அதிகாரிகள் இடமாற்றம் பெறுவார்கள், புதியவருக்கு அந்தச் சுற்றறிக்கை தெரியாமலிருக்கும். 14 பிரதேச செயலகங்களுக்கும் பிரதி போனதா என்று தனித்தனியே கேளுங்கள். ஒவ்வொரு இல்லப் பொறுப்பாளருக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஐந்து கேள்விகளோடு இன்னொரு தகவல் விண்ணப்பம் போடுங்கள், எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பதினெட்டு நிறைந்து வெளியேறும் அடுத்த ஒருவர், நான்கு ஆவணங்களும் தங்குமிட விலாசமும் கையில் வைத்துக்கொண்டு இல்லத்தின் படலையைத் தாண்டும் திகதியைக் கோப்பில் எழுதுங்கள். அதுவரை கோப்பை மூடவேண்டாம்.